கார்புரேட்டர் காலமும் பட்டறை அண்ணாச்சியும்

"சங்கமம் மலருக்கு ஒரு கட்டுரை வேணும், வரலாறா இருந்தா நல்லது" என்று மலர்க்குழு நண்பர் போனில் கேட்டார். நான் ஓட்டப்பிடாரத்துக்காரன். ஆகவே கப்பலோட்டிய தமிழர் வ.உ.சி.யைப் பற்றியோ, பக்கத்துப் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர் நினைத்திருக்கலாம். அவர்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் நம் கல்லூரியிலேயே நிறையப் பேர் உண்டு. நான் எழுதப்போவது கைக்குள் அடங்கும் ஓர் உலோகத் துண்டின் வரலாறு. ஏறக்குறைய நூற்றிருபத்தைந்து ஆண்டு காலம் மோட்டார் சைக்கிளுக்கு மூச்சுக்குழாயாக இருந்து, நம் கண் முன்னாலேயே விடைபெற்றுக்கொண்ட கார்புரேட்டரின் வரலாறு. அதோடு, பொறியாளன் என்ற பட்டத்தை வைத்துக்கொண்டு அதனிடம் நான் தோற்ற கதையும் உண்டு. இன்றைய மாணவர்கள் சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

பூவாளியும் பெட்ரோலும்

ஒரு லிட்டர் பெட்ரோல் ஒழுங்காக எரிய எவ்வளவு காற்று வேண்டும்? எடைக் கணக்கில், பெட்ரோல் 1 பங்கு என்றால் காற்று 14.7 பங்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதற்குக் காற்று ஏறக்குறைய 11 கிலோ. கன அளவில் சொன்னால் 9000 லிட்டர்! நம் கரிசல் காட்டுப் புழுதியும், தூத்துக்குடி உப்பளத்துக் காற்றும் சேர்ந்த 9000 லிட்டர். இத்தனையையும் ஒரு லிட்டர் பெட்ரோலோடு அளந்து, தூவி, கலந்து கொடுப்பதுதான் கார்புரேட்டரின் வேலை. கம்ப்யூட்டர் கிடையாது, மின்சாரம் கிடையாது.

1885இல் ஜெர்மனியில் டைம்லரும் மேபாக்கும் ஒரு மரச்சட்ட வண்டியில் பெட்ரோல் என்ஜினைப் பொருத்தி ஓட்டினார்கள். உலகின் முதல் மோட்டார் சைக்கிள் என்று பலரும் சொல்வது அதைத்தான். அந்த நாள் என்ஜின்களில் பெட்ரோலின் மேற்பரப்பில் காற்றைத் தடவிச் செல்லவிட்டு ஆவியை எடுத்துக்கொண்டார்கள். 1893 வாக்கில் மேபாக் ஒரு பக்கமும், ஹங்கேரியில் பாங்கி, சோன்கா என்ற இருவர் இன்னொரு பக்கமும், பெட்ரோலை ஒரு சிறு துளை வழியாகப் பீய்ச்சித் தூவும் முறையைக் கண்டார்கள். பூச்செடிக்குத் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்துத்தான் ஹங்கேரிக்காரர்களுக்கு அந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, தத்துவம் பழையது. 1738இல் பெர்னூலி எழுதியதும், 1797இல் வெஞ்சுரி சோதித்ததும்தான். குழாய் குறுகும் இடத்தில் காற்று வேகமெடுக்கும், அங்கே அழுத்தம் குறையும், கீழேயுள்ள பெட்ரோல் தானாக மேலே ஏறித் தூவப்படும். நம் தெர்மல் லேபில் பாதியாக அறுத்துப் பெயிண்ட் அடித்து வைத்திருந்த மாடலை வைத்து இதையெல்லாம் நான் மனப்பாடம் செய்தேன். தேர்வில் மார்க்கும் வாங்கினேன். அந்த மார்க்குதான் பின்னால் என் கண்ணை மறைத்தது.

திருவொற்றியூரிலிருந்து ஓட்டப்பிடாரத்துக்கு

இந்தியாவுக்குக் கார்புரேட்டர் வந்த வழியில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ராணுவத்துக்கு புல்லட் வண்டிகள் தேவைப்பட்டதை ஒட்டி, 1955இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்களை இறக்கிப் பூட்டினார்கள், பிறகு இங்கேயே முழுவதும் செய்தார்கள். மைசூரில் ஐடியல் ஜாவா, வடக்கே எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத் என்று 1960களில் இன்னும் சில வண்டிகள் வந்தன. அந்தக் காலப் புல்லட்டில் இருந்தது 'ஆமல்' கார்புரேட்டர். மூன்று இங்கிலீஷ் கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்து, 'ஒன்றிணைந்தது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி வைத்துக்கொண்ட பெயர் அது. அதே ஆமலிடம் உரிமம் வாங்கித்தான் ஜப்பானின் மிக்குனி மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரில் கை வைத்தது. பிறகு அந்த ஜப்பானிய வடிவம்தான் இந்தியச் சாலைகளை ஆண்டது.

1980களின் நடுவில் கதவு திறந்தது. 1984இல் ஓசூரில் இண்ட்-சுசுகி, 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி.100, அதே ஆண்டில் யமஹா ஆர்.எக்ஸ்.100. சென்னையை அடுத்த மறைமலைநகரில் யூகால் நிறுவனம் மிக்குனியின் தொழில்நுட்பத்தோடு கார்புரேட்டர் செய்தது. நமது அண்ணன்மார் பலர் கல்லூரி வாசலில் ஆர்.எக்ஸ்.100ஐ நிறுத்திவிட்டு வேண்டுமென்றே ஒரு முறை முறுக்கிக் காட்டிய காலம் அது. மறந்திருக்க மாட்டார்கள்!

இதில் வரலாற்றுப் புத்தகங்களில் ஏறாத ஒரு பகுதி இருக்கிறது. கதவு மூடியிருந்த அந்த முப்பது ஆண்டுகளில் புது வண்டி எளிதில் கிடைக்காது, ஸ்பேர் பார்ட்ஸும் கிடைக்காது. எனவே இருக்கிற வண்டியை எப்படியாவது ஓட வைக்க வேண்டும். அந்தக் கட்டாயத்தில்தான் நம் ஊர்களில் வேப்பமரத்தடிப் பட்டறைகள் தோன்றின. பத்துப் பன்னிரண்டு வயதில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்த பையன், இருபது வயதில் சத்தத்தை வைத்தே நோய் சொல்வான். அவனுக்குப் பாடப்புத்தகம் கிடையாது. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாததை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த அறிவுக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

நான் ஏமாந்த கதை

என் அப்பா 1988இல் ஒரு புல்லட் வாங்கினார். உரமும் பூச்சிமருந்தும் விற்க ஊர் ஊராக அலைந்தவர், முப்பது வருஷம் அதிலேதான் அலைந்தார். வயதாகி ஓட்டுவதை நிறுத்தியதும் வண்டி என்னிடம் வந்தது. 2021இல் நான் டாங்கைக் கழுவி, பெயிண்ட் அடித்து, டியூனிங் பண்ணி ரோட்டில் இறக்கினேன். சில வாரங்கள் நன்றாக ஓடியது. பிறகு ஆரம்பித்தது தொல்லை.

தூத்துக்குடி ரோட்டில் சில கிலோமீட்டர் போனதும் என்ஜின் திணறும். முறுக்கினால் இன்னும் திணறி நின்றுவிடும். பத்து நிமிஷம் ஓரமாக உட்கார்ந்தால் ஒரே உதையில் கிளம்பும். பெட்ரோல் டாங்கை நிறைத்த அன்று இன்னும் சீக்கிரமாக நிற்கும். ஆகவே பங்க்கில் கலப்படம் என்று முடிவு செய்து, பாவம், ஒரு பங்க்குக்காரரோடு சண்டையும் போட்டேன்.

நகரத்தில் பெரிய போர்டு வைத்த ஒரு பட்டறைக்குப் போனேன். ஏ.சி. அறை, கம்ப்யூட்டர் பில். இரண்டு நாள் கழித்து, "கார்புரேட்டர் உள்ளே தேஞ்சுபோச்சு சார், மாத்திட்டோம்" என்றார்கள். பில் நாலாயிரத்துச் சொச்சம். பழைய கார்புரேட்டரைக் கேட்டேன். "ஸ்கிராப்ல போயிருச்சு சார்." வண்டி மறுபடியும் நின்றது. அடுத்து காயில் மாற்றினார்கள். மறுபடியும் நின்றது. மூன்றாம் முறை, "என்ஜின் வீக் சார், போர் பண்ணணும், இருபத்தஞ்சாயிரம் ஆகும்" என்றார்கள். நான் அட்வான்ஸ் கொடுக்கத் தயாராகிவிட்டேன். அப்பாதான் தடுத்தார். "நம்ம ஊர் அண்ணாச்சிகிட்ட ஒரு தடவை காட்டிட்டு அப்புறம் அவுங்ககிட்ட கொடு" என்றார்.

எனக்கு உள்ளூர இளக்காரம். நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்தவன் நான். அவரோ எட்டாவது. ஆனாலும் அப்பா சொல்லுக்காகப் போனேன்.

அண்ணாச்சி ஸ்பானரை எடுக்கவே இல்லை. கேள்விதான் கேட்டார்.

"நிக்கும்போது பட்டுன்னு அணையுதா, திணறித் திணறி அணையுதா?"

"திணறித்தான் அண்ணாச்சி."

"பட்டுன்னு அணைஞ்சா கரண்டு. திணறுனா பெட்ரோல். இது பொதுவாச் சொல்றது, முடிவு இல்ல. சரி, டாங்க் நிறைய இருந்தா சீக்கிரம் நிக்குதா, குறைவா இருந்தா சீக்கிரம் நிக்குதா?"

"நிறைய இருந்தாத்தான் சீக்கிரம் நிக்குது. அதான் கலப்படம்னு..."

அவர் சிரித்தார். "தம்பி, நீங்க முன்னால போங்க. நான் பின்னால வாரேன்." கொஞ்ச தூரத்தில் வண்டி வழக்கம்போல் நின்றது. உடனே ப்ளக்கைக் கழற்றி ஸ்பார்க் பார்த்தார். நீலமாக, பலமாக அடித்தது. பெட்ரோல் டியூபைக் கார்புரேட்டரிலிருந்து உருவினார். டேப் திறந்திருந்தும் சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது. பிறகு டாங்க் மூடியைத் திருகினார். "உஸ்ஸ்..." என்று காற்று உள்ளே போன சத்தம் எனக்கே கேட்டது. டியூபில் பெட்ரோல் தாரையாகக் கொட்டியது.

மூடியைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே ஒரு கருப்பு வாஷர். உப்பிப் போய், காற்று போகும் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. "இது யார் போட்டது?"

போட்டது நான்தான். மூடியில் பெட்ரோல் கசிகிறது என்று, பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி நானே போட்ட வாஷர். டியூப் ரப்பர் பெட்ரோலில் ஊறினால் உப்பும் என்பது தெரிந்திருக்க வேண்டியவன். முதலில் சில வாரம் நன்றாக ஓடியதற்கும், பிறகு கெட்டதற்கும் காரணம் அதுதான்.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்ரோல் இறங்க இறங்க டாங்கிலுள்ள காற்று விரிகிறது, அழுத்தம் குறைகிறது. டாங்குக்கும் கார்புரேட்டருக்கும் உள்ள உயரம் சுமார் ஓரடிதான். வெளியழுத்தத்தில் 2 சதவீதம் குறைந்தாலே பெட்ரோல் இறங்காது. டாங்க் நிறைந்திருந்தால் மேலே இருப்பது ஒரு லிட்டர் காற்று. அது 2 சதவீதம் விரிய 20 மில்லி பெட்ரோல் இறங்கினால் போதும். டாங்க் பாதியாக இருந்தால் 140 மில்லி இறங்க வேண்டும். பெட்ரோல் ஆவியையும் சேர்த்தால் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனாலும் நிறைந்த டாங்கு ஏன் சீக்கிரம் நின்றது என்பதற்கு விடை பாயில் விதியிலேயே இருந்தது. விதி எனக்குத் தெரியும். கேள்வி அண்ணாச்சிக்குத் தெரிந்திருந்தது.

அண்ணாச்சி வாங்கியது ஐம்பது ரூபாய். ஆனால் என் நஷ்டம் அதோடு முடியவில்லை. புதிதாகப் போட்டிருந்தது பெயரில்லாத டூப்ளிகேட் கார்புரேட்டர். ப்ளக் கரி பிடித்தது, மைலேஜ் இறங்கியது. 1988 முதல் ஓடிய நல்ல கார்புரேட்டர் ஸ்கிராப்பில் போய்விட்டது. சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்து, அதே ரகத்தில் பழையது ஒன்றை வாங்கி வந்து பூட்டிய பிறகுதான் வண்டி பழைய வண்டியானது.

நோயை நாடும் வழி

அண்ணாச்சியிடம் அதன்பின் பல ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்திருக்கிறேன். பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்குப் பயன்படும் என்பதால் அவர் முறையை என் பாஷையில் தருகிறேன்.

கார்புரேட்டரைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். முதலில் மூடி, டேப், டியூப், ஏர் ஃபில்டர், ப்ளக், காண்டாக்ட் பாயிண்ட். 'கார்புரேட்டர் கோளாறு' என்று வரும் வண்டிகளில் பலவற்றில் குற்றவாளி இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ப்ளக் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். சோக் போட்டால் ஓடி, எடுத்தால் அணைகிறது என்றால் பைலட் ஜெட் அடைத்திருக்கும், அல்லது கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் காற்று புகுகிறது. ஆக்ஸிலரேட்டர் எந்த நிலையில் இருக்கும்போது தொல்லை என்பது முக்கியம். ஐடிலிங்கில் என்றால் பைலட் ஜெட், ஏர் ஸ்க்ரூ. நடு முறுக்கில் என்றால் ஸ்லைடில் தொங்கும் நீடில். முழு முறுக்கில் என்றால் மெயின் ஜெட். நிறுத்தி வைத்த வண்டியில் பெட்ரோல் ஒழுகினால் ஃப்ளோட்டையும் அதன் வால்வையும் பார்க்க வேண்டும். ஜெட்டைக் கம்பியால் குத்தக்கூடாது. துளை அரை மில்லிமீட்டர் அளவுதான், கம்பி அதைப் பெரிதாக்கிவிடும். ஊற வைத்துக் காற்றடிக்க வேண்டும்.

நம் கடற்கரைக்கென்று ஒரு தனித் தொல்லையும் உண்டு. உப்புக் காற்று படும் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் ஃப்ளோட் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் சேர்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். ஆகவே வண்டியை நீண்ட நாள் நிறுத்துவதென்றால் டேப்பை மூடி, கிண்ணத்தை வடித்துவிடுவது நல்லது.

யாரை நம்புவது?

திருக்குறளில் 'தெரிந்துதெளிதல்' என்று ஓர் அதிகாரம், 51ஆவது. ஆராயாமல் ஒருவரை நம்புவதும் தவறு, நம்பிய பிறகு சந்தேகப்படுவதும் தவறு என்பது அதன் சாரம். அரசனுக்குச் சொன்னது பட்டறைக்கும் பொருந்துகிறது. நான் செய்தது இரண்டு தவறும்தான். போர்டைப் பார்த்து ஆராயாமல் நம்பினேன். முப்பது வருஷம் அப்பாவின் வண்டியைப் பார்த்தவரை, அவர் படிப்பைப் பார்த்துச் சந்தேகப்பட்டேன்.

பெரிய பட்டறை எல்லாம் மோசம், சின்னப் பட்டறை எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. மரத்தடியிலும் ஏமாற்றுபவர்கள் உண்டு. ஏ.சி. அறையிலும் யோக்கியர்கள் உண்டு. நான் பார்த்த அடையாளங்கள் இவை: நல்ல மெக்கானிக் முதலில் கேள்வி கேட்பார், பிறகு வண்டியை ஓட்டிப் பார்ப்பார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். மாற்றிய பழைய பாகத்தை, நாம் கேட்காமலே கையில் கொடுப்பார். "தெரியலை, பார்க்கணும்" என்று சொல்ல வெட்கப்பட மாட்டார். நம் பக்கத்துக் கடமையும் உண்டு. நாமாக நோண்டியதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வாஷரைப் பற்றி நான் நகரத்துப் பட்டறையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர்களும் கண்டுபிடித்திருக்கலாம்.

விடைபெறும் காலம்

2006இல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்.ஐ. வந்தது. 2009இல் புல்லட் குடும்பத்திலும் கிளாசிக் 500 வழியாக ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் நுழைந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி. அதன்பின் ஒன்றிரண்டு தவிர, புதிய மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. இது நல்ல மாற்றம்தான். புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளந்து, நொடிக்கு நொடி பெட்ரோலைத் திருத்தும் வேலையை ஒரு நிலையான துளையால் செய்ய முடியாது. நம் பிள்ளைகள் மூச்சு விடும் காற்றைவிடப் பழைய சத்தம் பெரிதல்ல.

ஆனால் கார்புரேட்டரோடு சேர்ந்து இன்னொன்றும் போகிறது. கேட்டு, முகர்ந்து, தொட்டு, ஒவ்வொன்றாக விலக்கி நோயைக் காணும் அந்த முறை. அண்ணாச்சிக்கு எழுபதை நெருங்குகிறது. அவர் பிள்ளைகள் யாரும் பட்டறைக்கு வரவில்லை. அவருக்குப் பின் அந்த வேப்பமரம் இருக்கும், பட்டறை இருக்காது.

எங்கள் ஊரில் 1872இல் பிறந்த வ.உ.சி., 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கினார். முதலில் வாடகைக் கப்பல்தான். வெள்ளையர் நெருக்குதலால் வாடகைக்குக் கொடுத்தவர்கள் கைவிட்டார்கள். அதனால்தான் அவர் பாடுபட்டுப் பணம் திரட்டினார். 1907இல் காலியா, லாவோ என்ற சொந்தக் கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. அந்தச் சங்கத்தின் நோக்கங்களில், கப்பல் விடுவதோடு, கப்பல் செலுத்தவும் கட்டவும் நம்மவர்களுக்குப் பயிற்சி தருவதும் ஒன்று. 1908இல் அவரைச் சிறையில் தள்ளியதும் சங்கம் நொடித்தது, அந்தப் பயிற்சிக் கனவும் போயிற்று. பொருளை வாங்கலாம், கைத்திறனை வாங்க முடியாது, வளர்க்கத்தான் வேண்டும் என்பதை அவர் அன்றே அறிந்திருந்தார்.

ஆகவே முன்னாள் மாணவர் சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. ஆண்டுக்கு ஒரு நாள், நம் சுற்றுவட்டாரத்துப் பழைய மெக்கானிக்குகளில் சிலரை நம் லேபுக்கு அழைப்போம். ஒரு நாள் கூலியும் மரியாதையும் கொடுத்து அழைப்போம். கோளாறு வைத்த என்ஜினை அவர்கள் முன் நிறுத்துவோம். அவர்கள் என்ன கேள்வி கேட்கிறார்கள் என்பதை மாணவர்கள் எழுதிக்கொள்ளட்டும். நாளை அவர்கள் கையில் இருக்கப்போவது பேட்டரி வண்டியாக இருந்தாலும் அந்தக் கேள்விகள் உதவும்.

அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டேன். "காலேஜுக்கா? நானா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சட்டை வெள்ளையாப் போட்டுட்டு வரணுமோ?" என்றார். வருகிறார்.

என் பங்குக்கு, நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்து நான் வாங்கிய டூப்ளிகேட் கார்புரேட்டரையும், உப்பிப்போன அந்த டியூப் வாஷரையும் லேபுக்குக் கொடுத்துவிடுகிறேன். அறுத்து வைத்த பழைய மாடலுக்குப் பக்கத்தில் அவையும் இருக்கட்டும்.